இடி விழுந்த கல்லறை

நுவரெலியாவில் கோல்ப் மைதானத்தின் அருகே ஆங்கிலேயரின் பழைய இடுகாடொன்று உண்டு. அங்கே பிளவுண்டு கிடக்கும் கல்லறையொன்றை மாணவர்களுடன் சென்று கண்டோம். இலங்கை ரைபிள் படையைச் சேர்ந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பவர் அதில் துயில்கிறார்.

காலாட்படை அதிகாரியான ரோஜர்ஸ், பதினோராண்டுகள் பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். மலைகளில் பாதைகள் அமைத்தவர். ஆயினும் அவர் பெயர் நிலைத்தது யானை வேட்டையால்தான். அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1,400க்கும் அதிகம் என்று எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியான தமது நூலில் எழுதியுள்ளார்.

1845ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் ஹப்புத்தளையில் கடும் புயல். மழை ஓய்ந்ததா என்று பார்க்க வாடிவீட்டின் விறாந்தைக்கு வந்தவரை மின்னல் தாக்கியது என்பர். அப்போது அவருக்கு வயது 41. பின்னர் கல்லறையிலும் இடி விழுந்தது, அப்பிளவே அதற்குச் சான்று என்பது ஊரார் கூற்று.

"கொன்ற பாவம் விட்டதா, ஐயா?" என்றான் ஒரு மாணவன். யானைமுகனை வணங்கும் நம்மவர்க்கு அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆனால் மேஜர் ஸ்கின்னரை நோக்குவோம். ரோஜர்ஸ் பிறந்த 1804ஆம் ஆண்டிலேயே அவரும் பிறந்தார். அவரும் பாதை அமைத்தவர். நூற்றுக்கணக்கான யானைகளைச் சுட்டவர். அவரை எந்த இடியும் தீண்டவில்லை. 73 வயதுவரை வாழ்ந்து 1877இல் மறைந்தார். இடியை நீதிபதியாக்கினால் இந்த வழக்குக்குத் தீர்ப்பு என்ன?

உண்மையில் அன்று யானையைக் கொல்வது குற்றமன்று. பயிரைக் காக்கும் பணியென்று அரசே சன்மானம் வழங்கிற்று. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் வடமாகாணத்தில் மட்டும் ஏறத்தாழ 3,500 யானைகளுக்குச் சன்மானம் கொடுக்கப்பட்டது. அதே காலத்தில் கோப்பித் தோட்டங்களுக்காக மலைக்காடுகள் அழிக்கப்பட்டன. அக்காடுகளை வெட்டிய கைகளுள் கூலிக்காகக் கடல்கடந்து வந்த நம் முன்னோரின் கைகளும் உண்டு.

ஆகவே பழியை ஒருவரின் துப்பாக்கிமீது மட்டும் சுமத்திவிட்டு நாம் அமைதியாக உறங்க இயலாது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கை முழுவதிலும் இருந்த காட்டு யானைகள் 5,879 மட்டுமே. ஒருகாலத்தில் யானைகள் உலாவிய ஹோட்டன் சமவெளியில் இன்று அவற்றின் கூட்டங்கள் இல்லை.

கல்லறையின் பிளவைவிட அந்த வெறுமையே நமக்குப் பெரிய பாடமாகும்.