ஆலிவ் எண்ணெய்ச் சவுக்காரமும் நெட்டுக்குப்பத்து உப்பு நீரும்

ஆலிவ் எண்ணெயைக் கொண்டு வீட்டிலேயே சவுக்காரம் காய்ச்சிக்கொள்ள இயலுமா என்று, எண்ணூரை அடுத்த நெட்டுக்குப்பத்துப் பெண்மணிகள் சிலர் எம்மிடம் வினவினர். இயலும் என்பதே விடை. ஆனால் அவ்வூரின் உவர் நீரில் அது நுரைக்குமா என்பது வேறு வினா. முன்னதினும் இதுவே முக்கியமானது என்று நாம் கருதுகிறோம்.

எண்ணூருக்கும் சவுக்காரத்துக்கும், ஏன், கூட்டுறவுக்குமே, ஒரு பழைய உறவு உண்டு. 1890களில் சென்னை மாகாணத்துக்குக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் வேண்டும் என்று விரிவான அறிக்கை அளித்த சர் பிரெடெரிக் நிக்கல்சனை நம் அங்கத்தினர்கள் அறிவார்கள். அவரே பின்னர் மாகாணத்து மீன்வளத் துறையைத் தோற்றுவித்து, எண்ணூரில் மீன் பதப்படுத்தும் சோதனை நிலையமும் நடத்தினார். மேற்குக் கரையில் மீன் எண்ணெய்க்கு வழி தேடிய அதே துறையின் முயற்சியிலிருந்துதான் 1914ஆம் ஆண்டில் அரசாங்கச் சவுக்காரத் தொழில் பிறந்தது. கோழிக்கோட்டுக் கேரள சோப் இன்ஸ்டிடியூட் அதன் வழி வந்ததே. மீன் எண்ணெய்ச் சவுக்காரம் பயிர்ப்பூச்சிகளை ஒழிக்கவும் பயன்பட்டது. கையில் கிடைக்கும் எண்ணெய் எதுவோ அதற்கேற்ற சவுக்காரம் என்பது அன்றைய வழி.

ஆலிவ் மரம் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளுக்கு உரியது. அங்கே அலெப்போ, நாப்ளஸ், மார்செய் ஆகிய நகரங்கள் இச்சவுக்காரத்தால் பெயர் பெற்றன. மார்செய்ச் சவுக்காரத்தில் ஆலிவ் எண்ணெய் தவிர வேறு கொழுப்பைச் சேர்க்கலாகாது என்று பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி 1688இல் ஆணையிட்டார். பட்டு நெய்வோர் இதைக் கவனிக்க வேண்டும். பட்டு நூலின் இயற்கைப் பசையை நீக்குவதற்கு உலகெங்கும் விரும்பப்பட்டது இந்த மென்மையான சவுக்காரமே. நமக்கோ அவ்வெண்ணெய் கப்பலில் வருவது, விலையும் அதிகம்.

எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து மாறுவதே சவுக்காரம். மாற்றம் முடிந்தபின் காரம் தனியே எஞ்சுவதில்லை. ஆனால் ஒவ்வோர் எண்ணெய்க்கும் வேண்டிய காரம் வேறு. ஒரு கிலோ ஆலிவ் எண்ணெய் ஏறத்தாழ 134 கிராம் காரத்தை ஏற்கும். தேங்காய் எண்ணெய் 183 கிராம் வரை ஏற்கும். ஆமணக்கெண்ணெய் 128 கிராம். தேங்காய் எண்ணெயின் கணக்கை ஆலிவ் எண்ணெய்க்கு இட்டால் கிலோவுக்கு 49 கிராம் காரம் எஞ்சி நின்று தோலை அரித்துவிடும். நாம் அறிந்த ஒரு வீட்டில் இத்தவறே நேர்ந்தது. அந்த அம்மையார் இரு வாரம் கையால் சோறு பிசைய முடியாமல் இருந்தார். ஆழாக்காலும் டம்ளராலும் அளக்கும் பழக்கம் இங்கே உதவாது. எண்ணெயையும் நிறுத்தே எடுக்க வேண்டும்.

ஆலிவ் எண்ணெய் 700 கிராம், தேங்காய் எண்ணெய் 200 கிராம், ஆமணக்கெண்ணெய் 100 கிராம் என்று கொண்டால், முழுக் கணக்கில் 143 கிராம் காரம் வரும். நூற்றுக்கு ஐந்து குறைத்து 136 கிராம் இட்டால் சிறிது எண்ணெய் மிஞ்சித் தோலுக்கு இதமாகும். 280 கிராம் வடிநீரில் காரத்தைச் சிறிது சிறிதாக இட வேண்டும். காரத்தின்மேல் நீரை ஊற்றுவது ஒருபோதும் கூடாது. கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் தின்றுவிடும். எரியும் வாயுவும் கிளம்பும். ஆகையால் எவர்சில்வர் பாத்திரமே தக்கது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, குழந்தைகளை அப்புறப்படுத்தி, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். காரம் மேலே பட்டால் உடனே குழாய் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவியபடியே மருத்துவரிடம் விரைய வேண்டும்.

கரைசலும் எண்ணெயும் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் (பாத்திரத்தை வெளியே தொட்டே பார்க்க வேண்டும்) ஒன்றாக்கிக் கலக்க வேண்டும். கரண்டியிலிருந்து ஒழுகவிட்ட கூழ் மேற்பரப்பில் கோலக்கோடு போல் நின்றால் அதுவே பதம். அச்சில் வார்த்து, ஒரு நாளோ இரு நாளோ கழித்துத் துண்டமிட்டு, நிழலில் ஆறு வாரம் உலர்த்த வேண்டும். தனி ஆலிவ் எண்ணெயாயின் மாதங்கள் பல பொறுத்தல் நலம். ஆலிவுக்குப் பதில் கடலை எண்ணெய் இட்டாலும் காரக்கணக்கு ஒரு கிராம்தான் கூடும். சவுக்காரம் சற்று விரைவில் சிக்கு வாடை கொள்ளலாம்.

சேர்ப்புப் பொருள்களைப் பற்றி மிகையான நம்பிக்கை பரவியிருக்கிறது. மஞ்சள் காரத்தில் சிவக்கும். குங்குமம் செய்வோர் இதை அறிவர். வேப்பிலைப் பொடியின் பசுமை சில வாரங்களில் பழுப்பாகிவிடும். தேனும் பாலும் கூழைச் சூடேற்றிக் கறுக்கச் செய்யும். எலுமிச்சைச் சாறு காரத்தையே தின்றுவிடுவதால் சவுக்காரம் குழைந்து போகும். வெட்டிவேர் எண்ணெய் சில சொட்டு மணத்துக்குப் போதும். இவற்றால் நோய் தீருமென்று யாரும் எண்ணலாகாது.

இனி நெட்டுக்குப்பத்துக்கு வருவோம். கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்து ஊர் அது. உப்பு நீரில் ஆலிவ் எண்ணெய்ச் சவுக்காரம் கரையாது, திரிந்து மிதக்கும். தொழிற்சாலைகளில் காய்ச்சிய சவுக்காரத்தைத் தனியே பிரிப்பதற்கு உப்பையே இடுகிறார்கள் என்றால் காரணம் விளங்கும். தேங்காய் எண்ணெய்ச் சவுக்காரமோ உவர் நீரிலும் நுரைக்கும். மாலுமிகள் கடல் நீரில் குளிக்கப் பயன்படுத்தியது அதுவே. ஆயினும் அது தோலை உலர்த்துவது. ஆகவே ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு, 183 கிராமில் நூற்றுக்கு இருபது குறைத்து, 146 கிராம் காரமும் 300 கிராம் வடிநீரும் இடலாம். இது விரைவில் இறுகும், வார்த்த அன்றே, கெட்டிப்பட்டவுடன் அறுத்துவிட வேண்டும், பிந்தினால் நொறுங்கும். உலர்த்தும் காலம் முன் சொன்னதே.

2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவியபோது இப்பகுதி மீனவரின் படகும் வலையும் உடலும் கறுத்தன. அத்தகைய பிசுக்கைத் தோலிலிருந்து நீக்க மண்ணெண்ணெயோ பெட்ரோலோ வேண்டா. முதலில் சமையல் எண்ணெயைத் தடவித் துணியால் துடைத்து, பிறகு இச்சவுக்காரமிட்டுக் கழுவுதல் நலம்.

சொந்த உபயோகத்துக்கு மட்டும் செய்வோர்க்கு இவ்வளவு போதும். குளியல் சவுக்காரத்தை விற்க எண்ணுவோர் மருந்து மற்றும் அழகுப் பொருள் சட்டத்தின்படி உற்பத்தி உரிமம் பெறல் வேண்டும். தனித்தனியே அலைவதைவிட, பெண்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து ஒரே தராசு, ஒரே கூடம், ஒரே உரிமம் என்று முயல்வது செலவைக் குறைக்கும். முதற்செலவாக ஒரு கிராம் வரை காட்டும் தராசை வாங்குக. அதன் பிறகு எண்ணெய் வாங்கலாம்.