மடைக்கு ஆள் இல்லை

சென்ற வாரம் எட்டயபுரம் அரண்மனை வாசலில் நின்றோம். சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ 1904-ல் அச்சேறியது அந்தச் சமஸ்தானத்தின் ஆதரவில்தான். அந்தப் பெருமையைச் சொன்ன கையோடு குடிகளின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

பாளையக்காரர் காலத்தில் வரி, காவல், வழக்கு எல்லாமே அவர் பொறுப்பு. 1799-ல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்ட பிறகு, கிழக்கிந்தியக் கம்பெனி பாளையங்களின் ஆயுதத்தையும் காவல் உரிமையையும் பிடுங்கிக்கொண்டது. தனக்கு அனுசரணையாக நின்றவர்களை ஜமீன்தார் ஆக்கியது. கம்பெனிக்குப் பேஷ்குஷ் என்ற கப்பத்தை ஒழுங்காகக் கட்டினால் போதும். குடியானவனுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஜமீன் கெட்டது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

பரம்பரைத் தலைமையைக் குடிகளுக்குப் பதில் சொல்ல வைக்க முடியாதா? கானா நாட்டைப் பாருங்கள். அங்கே 1992 அரசியல் சட்டம் ஊர்த்தலைவர் பதவியை ஒழிக்கவில்லை. ஆனால் தலைவர் கட்சி அரசியலில் இறங்கக் கூடாது என்கிறது. தலைமைப் பீடத்துக்குரிய நிலங்களின் வருமானத்தில் நிர்வாகச் செலவு போக மிஞ்சுவதில் நூற்றுக்கு 55 பங்கு மாவட்ட மன்றத்துக்குப் போகிறது. அசாந்தே மரபில் தவறு செய்த தலைவரைப் பீடத்திலிருந்து இறக்கவும் வழி உண்டு. நம் குடிகளுக்கு ஜமீன்தாரை இறக்க எந்த வழி இருந்தது? 1948-ல் சட்டம் வந்துதான் ஜமீனே ஒழிந்தது. ஒழிந்தது நியாயம்தான். 1980-ல் பரம்பரைக் கர்ணமும் முன்சீப்பும் போய், கிராம நிர்வாக அலுவலர் வந்ததும் நியாயம்தான்.

ஆனால் இந்த மாற்றங்களில் கண்மாய்தான் அநாதையாயிற்று. ஜமீன் கண்மாய்கள் அரசுக்கு வந்தன. நூறு ஏக்கருக்கு மேல் பாய்ந்தால் பொதுப்பணித்துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம் என்று பிரிந்தன. மடையைத் திறந்து மூடிய நீர்பாய்ச்சியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கண்மாய்க் கரையில் அந்த வேலை பார்த்த பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்திருந்தேன். “ராத்திரி மழை கொட்டினா கம்போட கரையச் சுத்தி வருவோம் தம்பி. நண்டு வளை ஒண்ணு போதும், விடியுறதுக்குள்ள கரை போயிரும்” என்றார். கூலி, அறுப்புக் களத்தில் அளந்து போட்ட நெல். கடைமடைக்காரன் வயல் நனையாமல் மேல்வயலுக்கு மறு தண்ணீர் விடமாட்டாராம். இப்போது அந்த மடைவாயில் மண்ணும் வைக்கோலும் திணித்த சாக்குமூட்டை கிடக்கிறது. கையில் வலு உள்ளவன் அதை இழுத்துவிட்டுக்கொள்கிறான்.

குடிகளே கூடி நீர்நிலையைப் பராமரிக்கும் பழைய குடிமராமத்தை 2017-ல் தமிழக அரசு திரும்பக் கொண்டுவந்தது. கரைக்கும் மடைக்கும் பணம் வந்தது. மடை காக்கும் ஆளுக்கு அதில் இடமில்லை. பெரியவரின் மகன் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார். அப்பா பார்த்த வேலையைப் பிறப்பைச் சொல்லி அவர் தலையில் கட்டுவது பாவம். ஆயக்கட்டுக்காரர்களே கூடி ஒருவரை அமர்த்தட்டும். எந்தச் சாதியானாலும் சரி. ஊராட்சி மாதச் சம்பளம் கொடுக்கட்டும். ஓரவஞ்சனை செய்தால் அமர்த்தியவர்களே அவரை விலக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தச் சாக்குமூட்டையை அவர் எடுத்துப் போட வேண்டும்.

(தொடரும்)