ஷோலேயின் மவுத் ஆர்கனும் வீட்டுத் திரையும்

1975 ஆகஸ்டு 15 அன்று வெளியாகி மும்பை மினர்வா திரையரங்கில் ஐந்து ஆண்டுகள் ஓடிய ரமேஷ் சிப்பியின் ‘ஷோலே’, ஹாலிவுட், இத்தாலிய கௌபாய் படங்களின் சாயலில் கர்நாடகத்து ராமநகரப் பாறைகளுக்கு நடுவே எடுக்கப்பட்ட படம். மும்பை வட்டாரத்து டோம்பிவிலியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் அடுத்த தலைமுறை அதை வாடகை வீடியோ கேசட்டிலும், பின்னர் விசிடி, டிவிடியிலும் பார்த்தது. அவற்றில் ஒலித்த ஆர்.டி. பர்மனின் பின்னணி இசை எல்லாப் பதிப்பிலும் ஒன்றுபோல் இல்லை. நீளமும் சுருதியும் வேறுபட்டன, காட்சியோடு இசை பொருந்தும் இடம் பிசகவும் வழியிருந்தது.

இந்தப் பொருத்தத்தின் அருமையை உணர ஒரே காட்சி போதும். இரவு கவிகையில் தாக்கூரின் விதவை மருமகள் ராதா மாளிகைத் தாழ்வாரத்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க, கீழே ஜெய் மவுத் ஆர்கன் வாசிக்கிறான். வசனமே இல்லாத அந்த உறவை, பர்மன் குழுவின் பானு குப்தா வாசித்த மெல்லிய இசை மட்டுமே சொல்கிறது. ஒளிப்பதிவாளர் துவாரகா திவேச்சா சரியான அந்தி வெளிச்சத்துக்காகக் காத்திருந்ததால், இந்தச் சிறு விளக்குக் காட்சிகளுக்கே 20 நாள் ஆனதாகச் சொல்லப்படுகிறது. ஜெய்யாக நடித்த அமிதாப் பச்சனின் கையசைவும் ஸ்வரத்தின் முடிவும் சுடர் ஒடுங்குவதும் ஒன்றையொன்று தழுவி நிற்க வேண்டிய இடத்தில், இசை அரை விநாடி முந்தினாலும் அது ஜெய்யின் மூச்சிலிருந்து வருவதாகத் தோன்றாமல் எங்கிருந்தோ ஒலிக்கும் பாட்டாகிவிடும்.

வேறுபாட்டுக்கு முதற்காரணம் வேகம். சினிமா விநாடிக்கு 24 பிரேம்கள், அதாவது 24 தனிப்படங்கள், என்ற கணக்கில் ஓடுவது; இந்தியாவும் பிரிட்டனும் பின்பற்றிய ‘பால்’ தொலைக்காட்சி முறையோ 25 பிரேம் கணக்கில் இயங்கியதால், கேசட்டுக்கு மாற்றும்போது படம் நூற்றுக்கு நான்கு பங்கு விரைந்து ஓடியது. படமும் ஒலியும் சேர்ந்தே விரைவதால் பொருத்தம் கெடாது என்றாலும், சுருதி அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடுவதால், கொள்ளைக்காரன் கப்பர் சிங் வரும்போது பாசு சக்ரவர்த்தி வாசித்த செல்லோவின் கனம் குறைந்துபோகும்.

இம்முறையில் 204 நிமிடப் படம் ஏறத்தாழ 196 நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால், உறையில் அச்சான நேரத்தை மட்டும் பார்த்துக் காட்சி வெட்டப்பட்டதா என்று தீர்மானிக்க இயலாது. உண்மையாகவே வெட்டப்பட்ட பதிப்பு வேறு. நெருக்கடி நிலைக் காலத் தணிக்கையினர், கப்பரால் குடும்பத்தை இழந்த தாக்கூர் அவனைக் கொல்லும் முடிவை ஏற்காததால், போலீசார் வந்து தடுப்பதாகக் காட்சி மாற்றப்பட்டது. மூல முடிவு 1990இல் பிரிட்டனில் வெளியான கேசட்டில்தான் வெளிவந்தது. பின்னர் ஈராஸ் நிறுவனம் 204 நிமிடப் பதிப்பையும் 198 நிமிடத் தணிக்கைப் பதிப்பையும் தனித்தனி டிவிடிகளாக வெளியிட்டது. காட்சியை வெட்டும்போது அதன்மேல் ஓடும் இசையும் அறுபடும் என்பதால், அதை ஒட்டவைப்பது எடிட்டரின் நுட்பமான வேலை. வெளியான காலத்தில் இப்படத்துக்குக் கிடைத்த ஒரே ஃபிலிம்ஃபேர் விருது எடிட்டர் எம்.எஸ். ஷிண்டேயுடையது.

பொருத்தத்தையே கெடுப்பது மற்றொரு காரணம். 35 மி.மீ. பிலிமில் ஓரத்து ஒளிக்கோடாகப் பதிந்த ஒலி தன் படத்துக்குச் சுமார் 20 பிரேம்கள் முன்னால் இருக்கும். ஆறு தட ஸ்டீரியோ ஒலியைக் காந்தப்பூச்சில் தாங்கிய 70 மி.மீ. பிலிமிலோ அது 24 பிரேம்கள் பின்னால் இருக்கும். ‘ஷோலே’ இரு வடிவிலும் திரையிடப்பட்டதால், படத்தை ஒரு மூலத்திலிருந்தும் ஒலியை மற்றொன்றிலிருந்தும் எடுப்பவர் இந்த இடைவெளியைச் சரியாக ஈடுசெய்யாவிட்டால் படம் முழுவதும் இசை நழுவும். ஒலி பிந்துவதை மனம் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், முந்துவதை உடனே கண்டுகொள்ளும். ரயில் கொள்ளைக் காட்சியில் துப்பாக்கிப் புகைக்கு முன்னால் வெடியோசை கேட்கிறதா என்று பார்ப்பதே வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனை.

வீட்டுப் பதிப்புகளின் கதை இப்படியிருக்க, படத்தின் மூல நெகட்டிவ் ரசாயனச் சிதைவால் கெட்டுப்போய், 70 மி.மீ. பிரதி ஒன்றுகூட எஞ்சாத நிலையில், மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் பல ஆண்டு உழைத்து இத்தாலியின் பொலோன்யா நகர ஆய்வகத்தில் படத்தை மீட்டெடுத்தது. மூல முடிவோடும் நீக்கப்பட்ட காட்சிகளோடும் அம்மீட்புப் பிரதி, 2025 ஜூன் 27 அன்று அந்நகரின் திறந்தவெளிச் சதுக்கத்தில் திரையிடப்பட்டது.