உஷார்! குடியிருப்பில் கேரம் லீக் நடத்தப் போகிறீர்களா?

போர்டு வாங்கியாச்சு. பவுடர் டப்பா வாங்கியாச்சு. வாட்ஸ்அப் குரூப்புக்குப் பேர் வைத்தாச்சு. கோப்பைக்குக்கூட ஆர்டர் கொடுத்தாச்சு.

பாயின்ட் எப்படிப் போடுவது என்று பேசியாச்சா?

"அதெல்லாம் ஆடும்போது பார்த்துக்கலாம்" என்கிறீர்களா? ஐயோ, அங்கேயே நில்லுங்கள்! அக்கம்பக்கத்தில் நடக்கும் லீக்குகள் பாதியில் நாறிப்போவதற்கு இந்த ஒரு பேச்சு போதும். காய் திருட்டோ ஏமாற்றோ தேவையில்லை. நல்லவர்களே போதும். நோட்டில் கட்டம் தப்பாகப் போட்டால், நல்லவர்களே ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத நிலைக்கு வந்துவிடுவார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. பேர் வேண்டாம். கோடை விடுமுறைக்கு லீக் வைத்தார்கள். 12 பேர். ஆறு ஆறாக இரண்டு பிரிவு. ஒவ்வொருவரும் தன் பிரிவில் மற்ற ஐந்து பேரோடும் ஆட வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு நாலு போர்டு, அதாவது நாலு தடவை காய் அடுக்கி ஆட வேண்டும். பிரிவில் முதலிடம் பிடிப்பவர் மட்டும் ஃபைனலுக்கு. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது!

செக்யூரிட்டி அறை மேசையில் ஒரு நீளமான நோட்டு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பேர்கள் எழுதி, அழகாக இருந்தது. ஆனால் அதில் யார் ஜெயித்தார் என்று எழுத ஒரு பத்திகூட இல்லை. எடுத்த பாயின்ட்டை எழுத மட்டும் இடம். "கடைசியில எல்லாத்தையும் கூட்டினா தெரிஞ்சிடப் போகுது" என்றார்களாம்.

கூட்டினார்கள். தெரிந்தது.

ஒரு பெண்மணி ஐந்து ஆட்டத்திலும் ஜெயித்திருந்தார். எல்லாம் இழுபறி ஆட்டம். அவர் எடுத்தது 14, 11, 13, 12, 11. மொத்தம் 61. அதே பிரிவில் ஒரு பெரியவர். மூன்று வெற்றி, இரண்டு தோல்வி. அந்தப் பெண்மணியிடமே 13-7 என்று தோற்றவர். மொத்தம் 84. ஃபைனலுக்குப் போனவர் அவர்!

எப்படி 84 வந்தது? ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை 34-0 என்று துவைத்து எடுத்தார். இன்னொருவர் தொடர்ந்து தோற்ற வெறுப்பில் வராமலே போய்விட்டார்; அதற்கு வாக்ஓவர் என்று 25 பாயின்ட் எழுதினார்கள். அந்த 25 எங்கிருந்து வந்தது? சர்வதேச கேரம் சம்மேளன விதிப்படி ஒரு கேம் 25 பாயின்ட் வரை போகும் என்று யாரோ நினைவுபடுத்தினார்களாம். அது எட்டு போர்டு வரை ஆடும் கேம், அம்மா! நாலு போர்டு ஆட்டத்தில் வியர்க்க விறுவிறுக்க ஆடியவருக்குக் கிடைத்தது 11. வராத ஆளுக்காக நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்குக் கிடைத்தது 25.

அந்தப் பெண்மணி கேட்டார். "ரூல் ரூல்தானே மேடம்" என்றார்கள். "சும்மா ஒரு கேமுக்குப் போய்..." என்று ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு நின்றுபோனது. பையன் அதன்பிறகு ஸ்ட்ரைக்கரைத் தொடவில்லை.

  

பெரியவரைத் திட்டாதீர்கள். நோட்டு கேட்டதை அவர் கொடுத்தார். சின்னப் பையனிடம் ஒரு போர்டு விட்டுக்கொடுத்தாலும் தனக்கு நஷ்டம் என்று அந்த நோட்டு சொல்லியது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

எதற்குப் பாயின்ட் கொடுக்கிறீர்களோ, அதைத்தான் ஆடுவார்கள்!

பெரிய இடத்திலேயே இது நடந்திருக்கிறது. 1994 ஜனவரி. கரீபியன் கோப்பைக் கால்பந்துத் தகுதிச்சுற்று. பார்படாஸும் கிரெனடாவும் மோதின. பார்படாஸ் அடுத்த கட்டத்துக்குப் போக இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். அமைப்பாளர்கள் புதுமையாக ஒரு விதி வைத்திருந்தார்கள்: கூடுதல் நேரத்தில் அடிக்கும் கோல் ஆட்டத்தை முடிக்கும், அது இரண்டு கோலாகவும் கணக்கில் சேரும். கேட்டதும் சுவாரஸ்யமாகத்தானே இருக்கிறது? ஆட்டம் முடியும் நேரத்தில் பார்படாஸ் 2-1 என்று முன்னிலை. ஒரு கோல் போதவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் வலைக்குள்ளேயே பந்தை அடித்து 2-2 ஆக்கினார்கள்! கூடுதல் நேரம் வந்தால் ஒரு கோலுக்கு இரண்டு கிடைக்குமே. கிரெனடாவுக்குச் சூது புரிந்தது. இந்தப் பக்க வலையோ அந்தப் பக்க வலையோ, எதில் அடித்தாலும், ஒரு கோலில் தோற்றாலும்கூட, அவர்களுக்கு லாபம். பார்படாஸ் வீரர்கள் இரண்டு கோல் கம்பத்தையும் காத்து நின்றார்கள். கடைசியில் கூடுதல் நேரத்தில் கோல் அடித்து 4-2 என்று ஜெயித்தார்கள். விதிப்படி ஒரு தப்பும் இல்லை. தப்பு முழுக்க விதியில்தான்.

இப்போது உங்கள் குரூப்பில் யாராவது "கடைசி போர்டுக்கு டபுள் பாயின்ட் வைப்போமா, ஜாலியா இருக்கும்" என்று போட்டிருக்கிறாரா பாருங்கள். போட்டிருந்தால், உஷார்!

இன்னும் சில அபாயச் சங்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

"ரெட்டுக்கு எவ்வளவு?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறதா? ஒரு வீட்டில் 3, இன்னொரு வீட்டில் 5. கருப்புக்கு 10, வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 50 என்று ஆடி வளர்ந்தவர்களும் இருப்பார்கள். சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் தொடங்கியதே நம் சென்னையில்தான். அவர்கள் கணக்கு எளிமையானது: போர்டில் ஜெயித்தவருக்கு, எதிராளியின் காய் எத்தனை மீதி இருக்கிறதோ அத்தனை பாயின்ட்; ரெட்டும் அவருடையது என்றால் கூட 3. ஆனால் 22 பாயின்ட்டைத் தொட்டவருக்கு அந்த 3 கிடையாது. முன்னால் ஓடுகிறவர் ரெட்டைப் போட்டுச் சட்டென்று முடித்துவிடாமல் இருக்க ஒரு கடிவாளம். இதை முழுசாகப் பின்பற்றுங்கள், அல்லது உங்கள் வீட்டு விதியை முழுசாக எழுதிக்கொள்ளுங்கள். அரைகுறையாகக் கலந்தால் 25 பாயின்ட் வாக்ஓவர் மாதிரிதான் ஆகும்.

ஓர் ஆட்டத்துக்கு மூன்று போர்டு, ஐந்து போர்டு என்று ஒற்றைப்படையில் வைத்திருக்கிறீர்களா? ஆபத்து! பிரேக் அடிக்கிறவருக்கு வெள்ளைக்காய், முதல் வாய்ப்பு. நன்றாக ஆடத் தெரிந்தவர் கையில் அது பெரிய சாதகம். மூன்று போர்டு என்றால் ஒருவருக்கு இரண்டு பிரேக், மற்றவருக்கு ஒன்று. டாஸில் ஜெயித்தவர் பாதி ஆட்டத்தையே ஜெயித்தமாதிரி. இரண்டு அல்லது நாலு வையுங்கள்.

நாக்அவுட்டா? 16 பேர் பெயர் கொடுத்தால், முதல் நாள் சாயங்காலமே எட்டுப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சீட்டுக் குலுக்கலில் இருக்கிற இரண்டு நல்ல ஆட்டக்காரர்களும் முதல் சுற்றிலேயே மோதித் தொலைக்கலாம். அலுவலகத்திலிருந்து ஓடி வந்தவர், அரை மணி நேரத்தில் அந்தக் கோடைக்கே வேடிக்கை பார்க்கிறவர். அடுத்த தடவை வருவாரா?

அதற்காக எல்லோரும் எல்லோரோடும் என்று ஆரம்பித்துவிடாதீர்கள்! 12 பேர் என்றால் 66 ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு 40 நிமிடம் வைத்தால் 44 மணி நேரம். இரண்டு கேரம் போர்டு இருந்தாலும் 22 மணி நேரம். மூன்றாவது வாரம் ஒருவருக்குக் கல்யாணம், நாலாவது வாரம் இன்னொருவருக்கு ஊர்த் திருவிழா. அப்புறம் வாக்ஓவர்தான் சாம்பியனைத் தீர்மானிக்கும்.

செஸ்காரர்களிடம் இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. சுவிஸ் முறை. யாரும் வெளியேற மாட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சம வெற்றி உள்ளவர்கள் மோதுவார்கள். ஒருமுறை மோதியவர்கள் மறுபடி மோத மாட்டார்கள். தோற்றவருக்கு அடுத்த சுற்றில் தன் தரத்துக்கு ஆள் கிடைக்கும். அந்த ஏழாம் வகுப்புப் பையன் பிழைத்திருப்பான். 12 பேருக்கு நாலு சுற்று, மொத்தம் 24 ஆட்டம். இரண்டு கேரம் போர்டு இருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம். நாலு சனிக்கிழமையில் முடிந்துவிடும்.

2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, அது 11 சுற்று சுவிஸ் முறைதான். பொதுப் பிரிவில் உஸ்பெகிஸ்தானும் அர்மீனியாவும் 19 புள்ளியோடு சமமாக வந்து நின்றன. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு. சமன் உடைக்கும் விதி போட்டிக்கு முன்பே எழுத்தில் இருந்தது. உங்கள் நோட்டில் இருக்கிறதா?

சமமாக வந்தால் என்ன என்று எழுதாத லீக், சண்டைக்குத் தேதி குறித்த லீக்! சமமானவர்கள் நேருக்கு நேர் மோதியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள். அதிலும் தீராவிட்டால் பாயின்ட் வித்தியாசத்துக்குப் போங்கள். ஆனால் வித்தியாசத்துக்கு ஓர் உச்சவரம்பு போடுங்கள். ஓர் ஆட்டத்தில் 10-க்கு மேல் போனாலும் 10தான். சின்னவனை 34-0 என்று நசுக்குவதில் அப்புறம் யாருக்கும் லாபமில்லை.

லீக் பட்டியலில் வெற்றிக்கு 3, சமனுக்கு 2, வந்து ஆடித் தோற்றாலும் 1, வராவிட்டால் பூஜ்யம். இது போதும். அந்த 1 மிக முக்கியம், அதை வெட்டிவிடாதீர்கள். தோற்கிறவரைக் கடைசிவரை வரவைப்பது அதுதான். வாக்ஓவர் கிடைத்தவருக்கு வெற்றிக்கான 3 கொடுங்கள், பாயின்ட் வித்தியாசத்தில் ஒன்றும் சேர்க்காதீர்கள். எல்லோரும் எல்லோரோடும் ஆடும் முறை வைத்திருந்தால் இன்னொன்று: பாதி ஆட்டம்கூட ஆடாமல் ஒருவர் ஓடிவிட்டால், அவரோடு ஆடிய எல்லா ஆட்டத்தையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். செஸ் உலகில் இதுதான் வழக்கம்.

கடைசியாக ஒன்று. கடைசிச் சுற்றை முடிந்தவரை ஒரே சாயங்காலத்தில் வையுங்கள். 1982 உலகக் கோப்பைக் கால்பந்தில் அல்ஜீரியா முந்தைய நாளே தன் ஆட்டத்தை முடித்துவிட்டது. மறுநாள் மேற்கு ஜெர்மனி 1-0 என்று ஆஸ்திரியாவை ஜெயித்தால் அந்த இரண்டு அணியும் அடுத்த சுற்றுக்குப் போகும் என்ற நிலை. அதே 1-0 வந்ததும் இரண்டு பேரும் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டு நேரம் கடத்தினார்கள். அல்ஜீரியா வெளியே. அதன்பிறகுதான் பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்த ஆரம்பித்தார்கள். உங்கள் மொட்டை மாடியிலும் 'நீ இன்னிக்கு விட்டுக்கொடு, நான் பார்த்துக்கிறேன்' என்ற பேச்சு வரும். நண்பர்களுக்குள் வராது என்று நினைக்காதீர்கள். நண்பர்களுக்குள்தான் வரும்.

இன்னும் சீட்டுக் குலுக்கவில்லையே? நல்லது, தப்பித்தீர்கள். இன்றைக்கே ஒரு வெள்ளைத் தாளில் எத்தனை போர்டு, ரெட்டுக்கு எவ்வளவு, வராவிட்டால் என்ன, சமமானால் என்ன என்று எழுதுங்கள். லிஃப்ட் பக்கத்தில் ஒட்டி, ஆடப்போகிற எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள், சின்னப் பசங்களிடமும்தான். கையெழுத்துப் போட மாட்டேன் என்று யாராவது முறைத்தால், அந்தச் சண்டையை இப்போதே போட்டு முடித்துவிடுங்கள். முதல் பிரேக் அதற்கப்புறம் அடிக்கலாம்.