மீள் இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் உள்வைப்புப் பொருட்கள்

மீள் இடுப்பு மூட்டு மாற்று அறுவை என்பது, முன்னர் பொருத்தப்பட்ட செயற்கை இடுப்பு மூட்டு தளர்ந்தோ, தேய்ந்தோ, உடைந்தோ, அடிக்கடி விலகியோ, நோய்த்தொற்றுக்கு உள்ளாகியோ பயனற்றுப் போகும்போது, அதனை முழுமையாகவோ பகுதியாகவோ அகற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை ஆகும். முதல் அறுவையின்போது எந்தப் பொருளாலான மூட்டைத் தேர்ந்தெடுப்பது என்பது பெரும்பாலும் நோயாளியின் அகவை, உடல் எடை, நடமாட்டம் ஆகியவற்றைப் பொறுத்தது. மீள் அறுவையில் இவற்றுடன் வேறு மூன்று கேள்விகளும் சேர்ந்துகொள்கின்றன: எவ்வளவு எலும்பு எஞ்சியுள்ளது, பழைய மூட்டு எதனால் பழுதடைந்தது, பழைய மூட்டின் எந்தப் பகுதியை உள்ளேயே விட்டுவைக்கலாம். இவற்றுள் இரண்டாவது கேள்விக்கான விடையே பல வேளைகளில் பொருளைத் தீர்மானித்துவிடுகிறது.

== செயற்கை மூட்டின் பகுதிகள் ==

செயற்கை இடுப்பு மூட்டு பொதுவாக நான்கு பகுதிகளால் ஆனது. இடுப்பெலும்பின் குழியில் பதிக்கப்படும் உலோகக் கிண்ணம், அதனுள் பொருந்தும் உள்ளுறை, அந்த உள்ளுறையில் சுழலும் பந்து, தொடை எலும்பின் உட்குழலில் இறங்கும் தண்டு என்பன அவை. தண்டின் மேல்முனை கூம்பு வடிவில் கடைந்தெடுக்கப்பட்டிருக்கும். பந்து அதன்மேல் அறையப்பட்டு உராய்வினாலேயே நிலைத்து நிற்கும். எலும்புடன் ஒட்டவேண்டிய பகுதிகளுக்கும் ஒன்றன்மேல் ஒன்று உரசவேண்டிய பகுதிகளுக்கும் தேவைப்படும் பண்புகள் நேர்மாறானவை. எடுத்துக்காட்டாக, டைட்டேனியக் கலவை எலும்புடன் நன்கு பிணைகிறது. ஆனால் அது எளிதிற் கீறல் விழும் உலோகம் என்பதால் பந்து செய்ய உதவாது.

== தேய்மானத் துகள்களும் எலும்பு இழப்பும் ==

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி, 1950களின் இறுதியில் டெஃப்லான் கிண்ணங்களைப் பயன்படுத்தத் தொடங்கினார். உராய்வு மிகக் குறைந்த பொருள் என்பதால் அது சிறந்த தேர்வாகத் தோன்றியது. ஏறத்தாழ 300 நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்ட பின்னரே அது விரைவாகத் தேய்வதும், தேய்ந்த துகள்கள் சுற்றியுள்ள திசுவில் கடும் அழற்சியை உண்டாக்குவதும் தெரியவந்தன. அந்த மூட்டுகளை அவரே மீண்டும் திறந்து மாற்ற நேர்ந்தது. 1962 முதல் அவர் உயர் மூலக்கூற்று எடை கொண்ட பாலிஎத்திலீனுக்கு மாறினார். இரு பொருட்களின் துண்டுகளையும் தம் தொடையிலேயே பதித்துச் சோதித்தபோது, டெஃப்லான் மட்டுமே கட்டியாகப் பருத்தது. உராய்வு குறைந்த பொருள் தேய்மானமும் குறைந்ததாக இருக்கும் என்று கொள்ளலாகாது என்பது இத்துறை பெரும் விலை கொடுத்துப் பெற்ற அறிவு எனலாம்.

பாலிஎத்திலீனும் தேயாத பொருளன்று. ஒரு மைக்ரோமீட்டரினும் சிறிய அதன் துகள்களைப் பெருவிழுங்கி உயிரணுக்கள் விழுங்குகின்றன. அவற்றால் பாலிஎத்திலீனைச் செரிக்க இயலாது. மாறாக, அவை வெளியிடும் வேதிப்பொருட்கள் எலும்பைச் சிதைக்கும் உயிரணுக்களைத் தூண்டிவிடுகின்றன. இவ்வாறு மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு கரைகிறது. நோயாளிக்கு வலி தோன்றுமுன்பே பெருமளவு எலும்பு கரைந்திருக்கக்கூடும். 1980களில் இது எலும்புச் சிமெந்தால் வரும் கேடு என்றே கருதப்பட்டு, சிமெந்து நோய் என்ற பெயரும் சூட்டப்பட்டது. சிமெந்து இல்லாத மூட்டுகளிலும் இதே கரைவு காணப்பட்ட பின்னரே உண்மைக் காரணம் விளங்கியது.

1990களின் நடுப்பகுதி வரை பாலிஎத்திலீன் உள்ளுறைகள் காற்றிருக்கும் சூழலில் காமா கதிர் கொண்டு நுண்ணுயிர் நீக்கம் செய்யப்பட்டன. கதிர்வீச்சால் உண்டாகும் தனி உறுப்புகள் ஆக்சிசனுடன் வினைபுரிந்து பொருளை நொறுங்கத்தக்கதாக்கின. 1990களின் இறுதியில் அறிமுகமான மிகு குறுக்குப்பிணைப்புப் பாலிஎத்திலீனில், கதிர்வீச்சுக்குப் பின் வெப்பமூட்டுவதன் மூலம் இத்தனி உறுப்புகள் நீக்கப்படுகின்றன. பிற்கால வகைகளில் உயிர்ச்சத்து ஈ சேர்க்கப்படுகிறது. இதனால் தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. எனினும் குறுக்குப்பிணைப்பு கூடக்கூட முறிவைத் தாங்கும் திறன் குறைவதால், செங்குத்தாக அமைந்த கிண்ணத்தில் மெல்லிய உள்ளுறையைப் பொருத்தினால் அதன் விளிம்பு வெடிக்கக்கூடும். மீள் அறுவையில் பழைய கிண்ணத்தை விட்டுவிட்டு உள்ளுறையை மட்டும் மாற்றும்போது இது கருத்திற் கொள்ளப்படவேண்டிய ஒன்றாகும்.

== உலோகத்தின்மேல் உலோகம் ==

பாலிஎத்திலீன் துகள்களைத் தவிர்க்கும் நோக்குடன், கோபால்ட்-குரோமியம் பந்து அதே கலவையாலான கிண்ணத்தில் சுழலும் மூட்டுகள் 2000களில் பரவலாயின. இவற்றில் கழியும் பொருளின் பருமன் குறைவே. ஆயினும் துகள்கள் மிக நுண்ணியவை. அவை அயனிகளாகக் கரைந்து குருதியிற் கலந்தன. சிலருக்கு மூட்டைச் சுற்றிப் போலிக் கட்டிகள் தோன்றி, இடுப்பை நிலைநிறுத்தும் தசைகள் அழிந்தன. உலகெங்கும் ஏறத்தாழ 93,000 பேருக்குப் பொருத்தப்பட்டிருந்த டிப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் வகை மூட்டு 2010 ஆகத்து மாதம் திரும்பப் பெறப்பட்டது. இத்தகைய மூட்டை அகற்றியபின் மீண்டும் உலோகத்தின்மேல் உலோகம் வைக்கப்படுவதில்லை. பீங்கான் பந்தும் பாலிஎத்திலீன் உள்ளுறையும் பொருத்துவது வழக்கம். தசை இழப்பு மிகுந்திருப்பின் மூட்டு விலகலைத் தடுக்கும் அமைப்பும் தேவைப்படும்.

== உடைந்த பீங்கான் ==

மருத்துவப் பீங்கான்கள் மிகக் கடினமானவை, கீறல் விழாதவை, ஆனால் உடையக்கூடியவை. 1970இல் பிரான்சில் பியேர் பூத்தான் அலுமினா மூட்டுகளைப் பொருத்தத் தொடங்கினார். பின்னர் வந்த சிர்க்கோனியா அலுமினாவைவிட வலிமை மிக்கது. அதன் படிக அமைப்பு உருமாறும்போது பருமன் கூடுவதால், தோன்றும் வெடிப்பு அங்கேயே அழுத்தப்பட்டு நின்றுவிடும். அதே உருமாற்றம் உடலின் ஈரத்தில் தானாகவே நிகழ்ந்தால் பொருள் சிதையும். ஒரு பிரெஞ்சு நிறுவனம் சூளை முறையை மாற்றியபின் சுட்ட சிர்க்கோனியாப் பந்துகள் சில தொகுதிகளில் உடையத் தொடங்கவே, 2001இல் அவை திரும்பப் பெறப்பட்டன. வேதியியல் உட்கூறு மாறாமலே, சுடும் முறை மட்டும் மாறியதால் விளைந்த கேடு இது. இன்று பெரிதும் பயன்படுவது, ஏறத்தாழ 80 விழுக்காடு அலுமினாவில் சிர்க்கோனியா மணிகளைக் கலந்து உருவாக்கும் கூட்டுப் பீங்கான் ஆகும்.

பீங்கான் உடைந்தபின் செய்யப்படும் மீள் அறுவையே பொருட்தேர்வில் தவறவே கூடாத இடம். எவ்வளவு கவனமாகக் கழுவினாலும் கண்ணுக்குத் தெரியாத பீங்கான் துணுக்குகள் திசுவில் எஞ்சும். அவை பாலிஎத்திலீன் உள்ளுறையில் பதிந்து, அதனை உப்புத்தாள் போல் ஆக்கிவிடுகின்றன. அதன்மேல் உலோகப் பந்து சுழன்றால், அது அரைபட்டுக் கோபால்ட்டைக் குருதியில் கலக்கிறது. செருமனியின் மார்பர்க் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வந்த ஒரு நோயாளியின் கதை இதனை நன்கு காட்டும். காரணம் அறியப்படாத இதயச் செயலிழப்பு, காய்ச்சல், கேள்விக் குறைவு, பார்வைக் குறைவு ஆகியவற்றுடன் அவர் வந்தார். உடைந்த பீங்கான் மூட்டுக்குப் பதிலாக அவருக்கு உலோகப் பந்து வைக்கப்பட்டிருந்தது. மருத்துவர் யூர்கன் ஷேஃபர், தாம் கற்பித்தலுக்குப் பயன்படுத்திவந்த தொலைக்காட்சித் தொடரொன்றில் இதையொத்த நோயாளி ஒருவர் வந்ததை நினைவுகூர்ந்து, கோபால்ட் நச்சேற்றம் எனக் கண்டறிந்தார். இச்செய்தி 2014இல் லான்செட் இதழில் வெளிவந்தது. பீங்கான் மூட்டுக்கு மாற்றியபின் இதயம் ஓரளவு தேறியது. பார்வையும் செவித்திறனும் பெரிதாகத் திரும்பவில்லை. எனவே பீங்கான் உடைந்த இடத்தில் பீங்கான் பந்தே வைக்கப்பட வேண்டும்.

== கூம்புப் பொருத்து ==

தண்டு உறுதியாக இருந்தால் அதனை விட்டுவிட்டுப் பந்தை மட்டும் மாற்றலாம். பழைய கூம்பில் கீறலோ அரிமானமோ இருந்தால், புதிய பீங்கான் பந்தின் உட்புறத்தில் தகைவு ஓரிடத்தில் குவிந்து அது வெடிக்கலாம். இதைத் தவிர்க்க, டைட்டேனியத்தாலான இடையுறை கொண்ட பந்துகள் மீள் அறுவைக்கென்றே செய்யப்படுகின்றன. பல நிறுவனங்கள் தம் கூம்பை 12/14 என்று குறிப்பிட்டாலும் அது பொதுத் தரநிலை அன்று. கோணத்திலும் நீளத்திலும் மேற்பரப்பு நயத்திலும் அவை வேறுபடுகின்றன. பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி ஒரு நிறுவனத்தின் பந்தை இன்னொன்றின் தண்டில் ஏற்றுவது முறையன்று. ஆகவே முதல் அறுவையின் குறிப்புகளையும் உள்வைப்பின் ஒட்டுச்சீட்டையும் நோயாளி பாதுகாத்து வைத்திருத்தல் நன்று.

== எலும்பில் பதியும் பகுதிகள் ==

அடர்ந்த எலும்பின் யங் குணகம் ஏறத்தாழ 15 முதல் 20 கிகாபாஸ்கல் ஆகும். டைட்டேனியக் கலவைக்கு இது 110. கோபால்ட்-குரோமியத்துக்கு 200க்கும் மேல். விறைப்பான உலோகம் சுமையைத் தானே தாங்கிக்கொள்வதால், அருகிலுள்ள எலும்பு வேலையின்றி மெலிகிறது. இது தகைவு மறைப்பு எனப்படும். தண்டைப் பொறுத்தவரை, பொருளைவிட விட்டமே முதன்மையானது. வளைவு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், 18 மிமீ தண்டு 12 மிமீ தண்டைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு விறைப்பானது. அதாவது தடித்த டைட்டேனியத் தண்டு மெல்லிய கோபால்ட்-குரோமியத் தண்டைக் காட்டிலும் விறைப்பாக இருக்கக்கூடும். மீள் அறுவையில் உட்குழல் அகன்று போயிருப்பதால் தடித்த தண்டே தேவைப்படுகிறது. எனவே கோபால்ட்-குரோமியத்தின் இடத்தை, நீள்வரிப் பள்ளங்கள் கொண்ட கூம்பு வடிவ டைட்டேனியத் தண்டு பெரிதும் பிடித்துக்கொண்டது. செருமானியர் ஹைன்ஸ் வாக்னர் 1980களில் வடிவமைத்த தண்டு இவ்வகையின் முன்னோடி ஆகும்.

இடுப்புக் குழியில் எலும்பு இழப்பின் அளவு பாப்ரோஸ்கி வகைப்பாட்டின்படி கணிக்கப்படுகிறது. பெரிய இழப்புகளுக்கு நுண்துளை டாண்ட்டலம் பயன்படுகிறது. கரிமச் சட்டகத்தின்மேல் டாண்ட்டலம் ஆவியைப் படியவைத்துச் செய்யப்படும் இதன் பருமனில் 75 முதல் 80 விழுக்காடு வெற்றிடமே. இதன் யங் குணகம் 3 கிகாபாஸ்கல் அளவே இருப்பதால் எலும்பு இதனுள் எளிதாக வளர்ந்து பிணைகிறது. முப்பரிமாண அச்சு முறையில் உருவாக்கப்படும் நுண்துளை டைட்டேனியமும் இதே பணியைச் செய்கிறது.

== மூட்டு விலகல் ==

மீள் அறுவைக்குப் பின் மூட்டு விலகும் வாய்ப்பு முதல் அறுவையைவிட மிகுதி. 1970களில் பிரான்சின் செந்தெத்தியேன் நகரில் மருத்துவர் ஜில் பூஸ்கேயும் பொறியாளர் ஆந்திரே ராம்பேரும் உருவாக்கிய இரட்டை இயக்க மூட்டில், சிறு பந்து ஒரு பெரிய பாலிஎத்திலீன் பந்தினுள்ளும், அது மெருகிட்ட உலோகக் கிண்ணத்தினுள்ளும் சுழல்கின்றன. பெரிய பந்து குழியிலிருந்து வெளியேறக் கூடுதல் தொலைவு நகரவேண்டும் என்பதே இதன் அடிப்படை.

== நோய்த்தொற்று ==

தொற்றினால் பழுதடைந்த மூட்டில் பொருட்தேர்வு முற்றிலும் வேறு வகையானது. பெரும்பாலும் மூட்டு அகற்றப்பட்டு, நுண்ணுயிர் எதிர்ப்பி கலந்த எலும்புச் சிமெந்தாலான தற்காலிக இடைப்பொருள் வைக்கப்படுகிறது. சில வாரங்கள் அல்லது மாதங்களுக்குப் பின் நிலையான மூட்டு பொருத்தப்படும். சிமெந்து இறுகும்போது சூடாவதால், வெப்பத்தைத் தாங்கும் ஜென்டாமைசின், டோப்ராமைசின், வான்கோமைசின் போன்றவையே கலக்கப்படுகின்றன. நிலையான மூட்டை ஒட்டும் சிமெந்தில், 40 கிராம் பொடிக்கு 1 முதல் 2 கிராம் வரை மருந்து சேர்ப்பது வழக்கம். அதற்கு மேற்பட்டால் சிமெந்தின் வலிமை குறையும். தற்காலிக இடைப்பொருளில் இந்த வரம்பைத் தாண்டலாம். எப்படியும் அது எடுத்தெறியப்படப்போவதுதான்.