பனிச்சறுக்கு மலையேற்றம்

பனிச்சறுக்கு மலையேற்றம் என்பது, பனி மூடிய உயர்ந்த மலைகளில் பனிச்சறுக்குப் பலகைகளை அணிந்து சொந்த ஆற்றலால் ஏறி, அதே பலகைகளில் சறுக்கி இறங்கும் மலை விளையாட்டு ஆகும். ஏற்றிச் செல்லும் கம்பிவட ஊர்தியோ, செப்பனிட்ட சறுக்குப் பாதையோ இதில் கிடையாது. ஆல்ப்சு மலைத்தொடரின் உயரமான பகுதிகளில் இதற்கு உகந்த காலம் நடுக்குளிர்காலம் அன்று. மார்ச்சு நடுப்பகுதி முதல் மே தொடக்கம் வரையிலான காலமே ஆகும்.

வரலாறு

1897 சனவரியில் செருமானியரான வில்லெல்ம் பவுல்க்கே தம் தோழர்களுடன் சுவிட்சர்லாந்தின் பெர்ன் ஆல்ப்சு மலைகளைப் பலகைகளில் கடந்தார். பிரான்சின் சமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் செர்மாட் வரை செல்லும் "ஓட் ரூட்" (உயர்வழி) 19ஆம் நூற்றாண்டில் கோடைக்கால நடைவழியாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பனிச்சறுக்கு வழியாகவும் ஆயிற்று. மலைக்குடில்களில் இரவு தங்கி ஆறேழு நாட்களில் இதனைக் கடப்பர்.

ஏறும் முறை

பலகையின் அடியில் மயிர்ப்பட்டை ஒன்று ஒட்டப்படும். இதன் மயிர்கள் பின்னோக்கிப் படிந்திருப்பதால் பலகை முன்னே வழுக்கிச் செல்லும், பின்னே சறுக்காது. பூனையின் முதுகை வாலிலிருந்து தலைநோக்கித் தடவிப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முன்பு கடல்நாயின் தோல் பயன்பட்டது. இன்று நைலான் அல்லது அங்கோரா ஆட்டின் மயிர் பயன்படுகின்றது. ஏறும்போது காலணியின் குதிகால் விடுபட்டிருக்கும். இறங்கும்போது பலகையோடு பூட்டப்படும்.

பனியின் அன்றாட மாற்றம்

இளவேனிலில் பகலில் உருகும் பனி இரவில் உறைகின்றது. இது பலமுறை நிகழும்போது, நடுக்குளிர்காலத்தில் வலுவற்றிருந்த பனியடுக்குகள் ஒன்றோடொன்று பிணைகின்றன. எனவே அதிகாலையில் சரிவு கெட்டியாகவும் உறுதியாகவும் இருக்கும். கதிரவன் ஏறியபின் மேலே சில சென்டிமீட்டர் மட்டும் இளகி, குருணை போலாகும். சறுக்குவதற்கு இதுவே மிகச்சிறந்த பனி. இந்நிலை நெடுநேரம் நீடிக்காது. அதன்பின் ஈரம் ஆழத்துக்கு இறங்கி, முழுச் சரிவும் வலுவிழந்து ஈரப் பனிச்சரிவாக விழக்கூடும். கிழக்குச் சரிவுகள் முதலிலும், தெற்கு, மேற்குச் சரிவுகள் பின்னரும் இளகும். விடியுமுன் புறப்பட்டு நண்பகலுக்குள் இறங்கிவிடுவது இதனால்தான்.

இங்கு வெப்பமானியை மட்டும் நம்புதல் தவறு. மேகமற்ற இரவில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை விண்வெளிக்குக் கதிர்வீசி இழப்பதால், காற்றின் வெப்பநிலை 0 பாகைக்குச் சற்று மேலிருந்தாலும் அது உறையும். மேகம் மூடிய இரவில் அவ்வெப்பம் திரும்பி வருவதால் உறைதல் குறையும், அல்லது நிகழாது. அத்தகைய இரவுக்கு மறுநாள், எவ்வளவு சீக்கிரம் புறப்பட்டாலும் செங்குத்தான சரிவுகள் பாதுகாப்பானவை அல்ல.

இடர்கள்

பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வுகளில் தோன்றுகின்றன. முழுதும் புதையுண்டவர்களில் 10 நிமிடத்துக்குள் மீட்கப்படுவோர் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அரை மணி நேரத்தில் இது ஏறத்தாழ பத்தில் மூவராகக் குறைகின்றது. வெளியிலிருந்து வரும் மீட்புக் குழு இந்நேரத்துக்குள் வந்துசேர்வது அரிது. ஆகவே 457 கிலோகெர்ட்சு அலையெண்ணில் இயங்கும் தேடுகருவி, துழாவும் நீள்கோல், மண்வாரி ஆகிய மூன்றையும் ஒவ்வொருவரும் எடுத்துச் செல்ல வேண்டும். பயன்படுத்தவும் பழகியிருக்க வேண்டும். பனியாறுகளில் மெல்லிய பனியால் மறைந்துள்ள பிளவுகள் மற்றோர் இடர்.

வானிலையும் உயிர்பறிக்கும். 2018 ஏப்ரல் இறுதியில் ஓட் ரூட்டின் பீன் தரொல்லா மலைப்பகுதியில் புயலில் வழிதவறிய 14 பேர் இரவை வெட்டவெளியில் கழிக்க நேர்ந்தது. வழிகாட்டி உட்பட 7 பேர் இறந்தனர். அவர்கள் சென்றடைய வேண்டிய வின்யெட் குடில் அங்கிருந்து ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தொலைவிலேயே இருந்தது.

போட்டிகள்

செர்மாட்டிலிருந்து வெர்பியே வரை நடைபெறும் "பத்ரூய் தே கிளாசியே" போட்டியைச் சுவிட்சர்லாந்து இராணுவம் 1943 இல் தொடங்கியது. 1949 இல் மூவர் பனிப்பிளவில் விழுந்து இறந்ததால் தடைசெய்யப்பட்டு, 1984 இல் மீண்டும் தொடங்கப்பட்டது. 2026 குளிர்கால ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டைச் சேர்க்கப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2021 இல் முடிவெடுத்தது.