வயிறெரிந்த பாடகர்

கேள்வி கேட்ட பக்தர்கள் – 6

சென்ற வாரம் பார்த்த யோபு, எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டுக் கடவுளிடம் நியாயம் கேட்டவர். ஆசாப்பின் சங்கடம் வேறு. அடுத்தவனுக்குக் கிடைத்ததைப் பார்த்து வெந்துபோனவர் அவர். இழந்தேன் என்று அழுதால் ஊரும் கூடவே அழும். வயிறெரிந்தேன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆசாப் சொன்னார், அதுவும் ஆராதனைப் பாட்டிலேயே.

அவர் லேவி கோத்திரத்தார். உடன்படிக்கைப் பெட்டிக்கு முன் பாடத் தாவீது ராஜா நியமித்த பாடகர்களில் தலைமையானவர். சங்கீதப் புத்தகத்தில் 50-ஆவதும், 73 முதல் 83 வரையிலுமாக 12 பாடல்கள் அவர் பெயரில் இருக்கின்றன. அவரே எழுதினாரா, அவர் வழிவந்த பாடகர்கள் எழுதினார்களா என்பதில் அறிஞர்களிடையே இரண்டு கருத்து உண்டு. எப்படியானாலும், 73-ஆம் சங்கீதத்தில் பேசுகிறவர் பக்திக்குப் புதியவர் அல்ல.

நம் ஊர்ச் சபைகளில் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சீப்பு வாழைப்பழம் ஆயிரத்தைத் தாண்டிப் போகும். எடுக்கிறவர் காண்டிராக்டில் சிமென்ட்டைக் குறைத்து மாடிமேல் மாடி கட்டியவர் என்பது அங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். மைக்கில் அவர் பெயர்தான் ஒலிக்கும். வருடம் முழுக்கப் பாடகர் குழுவில் பாடி, ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வட்டிக்கு வாங்கியவர் பின்வரிசையிலிருந்து கைதட்டுவார். அப்போது அவர் மனதில் என்ன ஓடுமோ, அதுதான் இந்தச் சங்கீதத்தின் முதல் பாதி. அகங்காரிகளுக்கு நோய்நொடி இல்லை, உடம்பு கொழுத்திருக்கிறது, பெருமையை ஆரம்போல் கழுத்தில் போட்டுத் திரிகிறார்கள் என்று பட்டியல் போடுகிறார் ஆசாப். கடைசியில், மனதைச் சுத்தமாக வைத்திருந்ததெல்லாம் வீண்தானோ என்கிறார். தனக்கோ விடிந்தால் அடி.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. முதல் 14 வசனங்களில் கடவுளைப் பற்றிப் பேசுகிறாரே தவிர, கடவுளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கண் முழுக்க எதிர்வீட்டுக்காரன்மேல். 15-ஆம் வசனத்தில்தான் முதன்முறையாகக் கடவுள் பக்கம் திரும்புகிறார். திருப்பியது எது? பிள்ளைகள். நான் இப்படியே பேசிக்கொண்டிருந்தால், உம்முடைய பிள்ளைகளின் தலைமுறைக்குத் துரோகம் செய்தவனாவேன் என்கிறார். தன் பாட்டைக் கேட்டு வளர்கிறவர்களின் நம்பிக்கையில் மண்ணைப் போட அவருக்கு மனம் வரவில்லை.

அதற்காக எதுவும் நடக்காததுபோல் சிரித்துக்கொண்டும் இருக்கவில்லை. யோசித்து யோசித்துச் சலித்தபின், கேள்வியைத் தூக்கிக்கொண்டு பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகிறார். பாட்டின் திருப்பம் அந்த 17-ஆம் வசனம்தான். உள்ளே போய் வந்தபின் கெட்டவர்கள் ஏழையாகிவிடவில்லை. ஆசாப்புக்குச் சொத்தும் சேரவில்லை. ஆனால் இன்றைய செழிப்பை மட்டுமே பார்த்தவர் அதன் முடிவையும் பார்க்கிறார். அவர்கள் நிற்பது சறுக்கலான இடம் என்பது புரிகிறது. சறுக்கி விழ இருந்தது தான் என்று ஆரம்பத்தில் சொன்னவர் அவர்தான். இப்போது, உம்முன் மிருகம்போல் இருந்தேன் என்று ஒத்துக்கொள்கிறார். அப்படி இருந்தபோதும் அவர் வலதுகையைக் கடவுள் விடவில்லை.

பிறகு, கடவுளே என் பங்கு என்கிறார். இதை ஒரு லேவியன் சொல்வதில் கனம் அதிகம். கானான் தேசத்தைக் கோத்திரங்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது லேவியருக்கென்று தனி நிலப்பங்கு இல்லை. கர்த்தரே அவர்கள் சுதந்தரம் என்பது மோசேயின் சட்டம். பிறப்பிலேயே எழுதிக்கொடுத்த பங்கை, பொறாமையில் புழுங்கி எழுந்தபின்தான் ஆசாப் தன்னுடையது என்று மனதார ஏற்கிறார்.

விசுவாசத்தைக் காப்பது என்றால் சந்தேகமே வராமல் பார்த்துக்கொள்வது என்று நினைக்கிறோம். வந்த சந்தேகத்தை எங்கே முதலில் இறக்கி வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டீக்கடையிலும் உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் இறக்கினால் அது இன்னும் பத்துப் பேரைத் தொற்றும். ஆசாப் முதலில் கடவுளிடம் இறக்கினார். பிறகே சபைக்குப் பாட்டாகக் கொடுத்தார். அப்போதும் வயிறெரிந்த பகுதியை அழித்துவிடவில்லை. அதனால்தான் பின்வரிசையில் கைதட்டுகிற மனிதருக்கும் பாட அதில் இடம் இருக்கிறது.

(அடுத்த வாரம்: கடவுளின் பதிலுக்காகக் காவல் கோபுரத்தில் ஏறி நின்ற ஆபகூக்)